முருங்கைக்கீரையும் என் இடது காலும்

இடது கெண்டைக்கால் வீங்கியபோது சுளுக்கு என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். கொரட்டூரில் தனியாக ஒரு ஃபிளாட், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. பத்து மணி நேரம் நாற்காலியை விட்டு எழுவதில்லை. எழுந்து யாரைப் பார்க்க?

ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கிறது என்றார். காயம் பட்டால் பிளேட்லெட் எனும் தட்டணுக்கள்தான் முதலில் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளுமாம். ஒட்டியவை மற்றவற்றையும் கூப்பிடுமாம். பிறகு ரத்தத்திலுள்ள ஒரு புரதம் நூல் நூலாகப் பின்னிக்கொள்ள, அந்த வலையில் சிவப்பணுக்கள் சிக்கிக் கட்டியாகிவிடும். ஓட்டம் மந்தமான காலில் காயமே இல்லாமலும் வெள்ளையணுக்கள் குழாய்ச் சுவரில் ஒட்டி, தட்டணுக்களைச் சேர்த்துக்கொண்டு இதைத் தொடங்கிவிடுமாம். எனக்கு எரிச்சலாக வந்தது. கூப்பிடாமலே என் காலுக்குள் இவ்வளவு கூட்டம். வீட்டுக்குத்தான் ஈ காக்கை வருவதில்லை.

கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து என்று, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எழுதினார். கீரை அந்த மாத்திரையின் வேலையைக் கெடுக்கும், இஷ்டத்துக்குச் சாப்பிடாதீர்கள் என்றும் சொன்னார். தலையாட்டினேன்.

என்னோடு தினமும் பேசுகிற ஒரே ஜீவன், காலையில் மாடியேறி வரும் கீரைக்காரம்மாதான். வீங்கிய காலைப் பார்த்து விசாரித்தார். ரத்தத்தில் கோளாறு என்று மட்டும் சொன்னேன். ரத்தம் என்றால் நம்மவர்களுக்கு ஒரே வைத்தியம்தானே. மறுநாளிலிருந்து முருங்கைக்கீரையை அவரே உருவிப் பொட்டலமாகக் கொண்டுவந்தார்.

"நேத்து சூப்பு குட்ச்சியா கண்ணு?" என்று ஒவ்வொரு காலையும் கேட்டார்.

நான் சாப்பிட்டேனா என்று கேட்க வேறு யார் இருக்கிறார்கள்? பொய் சொல்ல மனம் வரவில்லை. குடித்தேன். உண்மையைச் சொன்னால் கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவாரே என்று பயம்.

அடுத்த ரத்தப் பரிசோதனையில், மாத்திரை சுத்தமாக வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. டாக்டரம்மா திட்டித் தீர்த்துவிட்டார். படித்தவள்தானே, செத்துப்போக ஆசையா என்று கேட்டார். ஆசையில்லை. ஆட்டோவில் அழுதுகொண்டே வந்தேன்.

மறுநாள் கதவருகே நின்று சொல்லிவிட்டேன்: கீரை எனக்கு ஆகாது, இனி வேண்டாம். அவர் பொட்டலத்தைக் கூடையில் திருப்பிப் போட்டார். என் முகத்தையே பார்த்தார். பிறகு கூடையை இறக்கி வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார்.

"ஏன் கண்ணு, கீரை வாங்கலன்னா நான் வராம பூடுவேனா இன்னா?"

அப்படித்தான் நினைத்திருந்தேன். வீங்கிய காலை நீட்டிக்கொண்டு நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.