கல்லாற்றுப் பாலத்தில் நிற்கும் கார்

எங்கள் கார் எந்த இடத்தில் நிற்கும் என்பது எனக்கு மனப்பாடம். கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும்போது பெரிய கல்லாறு ஊரைத் தாண்டிப் பாலத்தில் ஏறியதும் முதலில் ஓர் இழுப்பு வரும். பிறகு மிதிக்க மிதிக்கச் சோர்ந்து, பாலம் முடிவதற்குள் நின்றுவிடும். பின்னால் வருகிற பஸ்காரன் ஹோர்ன் அடித்தே காதைக் கிழிப்பான். பக்கத்து இருக்கையில் என் கணவர், வலப்பக்கம் இயங்காமல், பேச்சும் போய், என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் எனக்கு வந்த ஆத்திரத்தை அல்லாஹ் ஒருவன்தான் அறிவான்.

பாரிசவாதம் வந்து அவருடைய பேச்சை மொத்தமாகக் கொண்டுபோய்விட்டது. பேச்சுப் பயிற்சிக்குக் கிழமைக்கு ஒரு தரம் மட்டக்களப்புக்குப் போக வேண்டும். முதல் மாதங்களில் விடாமல் வந்தால் கொஞ்சமாவது திரும்பும், பிந்தினால் கஷ்டம் என்று பயிற்சி கொடுக்கிற பிள்ளை சொல்லியிருந்தாள். பஸ்ஸில் அவரை ஏற்ற முடியாது. ஆட்டோவில் சாய்ந்து விழுந்துவிடுவார். ஆகவே இந்தப் பழைய ஜப்பான் கார்தான் கதி. நான் கேட்டதெல்லாம் ஒரேயொரு சொல்தான். என் பெயராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, ஏசினாலும் பரவாயில்லை என்று இருந்தேன்.

கராஜ் பாஸ் முதலில் ஃபில்டரில் குப்பை என்றார். மாற்றினோம். கல்லாற்றில் நின்றது. காபரேட்டரைக் கழற்றிக் கழுவிப் பூட்டினார். நின்றது. பெற்றோல் பம்ப் புதிதாகப் போட்டார். அதற்குப் பிறகும் நின்றது. டேங்க்கை இறக்கித் துருவைக் கழுவி, குழாய்களுக்கெல்லாம் காற்றடித்தார். ஒவ்வொரு தரமும் கடற்கரை றோட்டில் ஒரு சுற்று ஓடிக் காட்டுவார். அந்தச் சுற்றில் ஒரு குறையும் இருக்காது. பாலத்தில் நின்றாலும் அரை மணித்தியாலம் சும்மா கிடந்தால் ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி ஓடும். அதனால் சூட்டு வருத்தம் என்று முடிவுகட்டி, நின்றதும் பம்ப்பில் ஈரத்துணி போடச் சொன்னார். பட்டப்பகலில் நடுப்பாலத்தில் ஒரு பொம்பிளை பொனட்டைத் திறந்து துவாயை நனைத்துப் போட்டுக்கொண்டு நிற்பதைப் போகிற வருகிற சனமெல்லாம் பார்த்தது.

கடைசியில் பழி என் தலையில் விழுந்தது. "ராத்தா, ஸ்டார்ட் பண்ண இழுக்கிற சோக்க உள்ள தள்ளாம அப்பிடியே ஓடுறீங்க போல" என்றார் பாஸ். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் இந்தக் கார்ல பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போன காலத்துல நீங்க அரைக்காற்சட்டையோட திரிஞ்சீங்க. சோக்கப் பத்தி எனக்கிட்ட கதைக்க வேணாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து குசினிக்குள் நின்று அழுதேன்.

கார் நின்ற ஒவ்வொரு தரமும் என் கணவர் ஒரு வேலை செய்வார். நல்லாயிருந்த இடது கையைத் தூக்கி, விரல்களைக் குவித்து, மணிக்கட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புவார். பிறகு தோளுக்கு மேலால் பின்னுக்குக் காட்டுவார். பின் சீட்டில் தண்ணீர்ப் போத்தல் கிடக்கும். மூடியைத் திருகித் திறந்து வாயில் வைப்பேன். முகத்தைத் திருப்பிக்கொள்வார். தண்ணீர் சேட்டில் வழியும். நான் துடைத்து முடிப்பதற்குள் மறுபடியும் அதே கை, அதே திருப்பு.

ஒருநாள் என்னால் தாங்க முடியவில்லை. "தண்ணி கேக்கிறீங்க, தந்தா குடிக்கிறீங்க இல்ல. என்னத்துக்கு இப்பிடி என்ன வதைக்கிறீங்க?" என்று பாலத்திலேயே கத்திவிட்டேன். அவர் போத்தலைத் தட்டிவிட்டார். அது கதவால் விழுந்து றோட்டில் உருண்டு போனது. அவர் வாய் திறந்து அழுதார். அழுகையிலும் சத்தம் சரியாக வரவில்லை.

அன்றைக்குத் துணைக்கு வந்திருந்த என் தம்பி அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பயிற்சி கொடுக்கிற பிள்ளையிடம் அவன்தான் சொன்னான். "மச்சானுக்கு நாம சொல்றது ஒண்டும் வெளங்கிறல்ல மிஸ். தண்ணி கேக்கிறாரு, குடுத்தா தட்டிவிடுறாரு." அவள் என்னைப் பார்த்தாள். நானும் ஓம் என்று தலையாட்டினேன். அவள் கோப்பை, சீப்பு, செருப்புப் படங்களை அவர் முன்னால் வைத்துக் கேட்டாள். அவர் ஒன்றையும் தொடவில்லை, யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதைக்குக் கிழமைக்கிழமை அலைய வேண்டாம், வீட்டில் நல்லாப் பாருங்கள் என்றாள். உண்மையைச் சொன்னால், இனி அந்தப் பாலத்துக்குப் போகத் தேவையில்லை என்று எனக்கு நிம்மதியாகவும் இருந்தது.

அதற்குப் பிறகு அவர் இருக்கும்போதே அவரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினோம். மருந்து, மலம், காரை விற்பது எல்லாம் அவர் தலைமாட்டில் நின்றே கதைத்தோம். அவருக்குத்தான் விளங்காதே. மாதங்கள் போயின. அவர் கை எதையும் கேட்டு எழும்புவதை நிறுத்திவிட்டது.

பிறகொரு நாள் அவருடைய மருந்துக்காக நான் மட்டும் மட்டக்களப்புக்குப் போனேன். பாலத்தில் கார் நின்றது. பெற்றோல் காட்டுகிற முள் எப்போதோ செத்துவிட்டது. ஒருவேளை இந்த முறை பெற்றோல்தான் முடிந்ததோ என்று இறங்கிப்போய், டேங்க் மூடியைத் திருகினேன். உஸ் என்று காற்றை உள்ளே இழுத்தது. பெற்றோல் இருந்தது. மூடிவிட்டு, பிஸ்மி சொல்லிச் சாவியைப் போட்டதும் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆனது. அரை மணித்தியாலம் நிற்கவும் இல்லை, துவாய் நனைக்கவும் இல்லை. ஆரையம்பதிக்குக் கிட்ட மறுபடி இழுத்து நின்றது. மறுபடி இறங்கி மூடியைப் பிடித்துத் திருப்பினேன். அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். விரல்கள் குவிந்து, மணிக்கட்டு திரும்பி, அவர் செய்த அதே வேலையைச் செய்துகொண்டிருந்தது.

மூடியின் உட்பக்கத்தில் சைக்கிள் டியூப்பை வட்டமாக வெட்டி ஒட்டியிருந்தது. பெற்றோலுக்கு நாள்கணக்கில் கியூவில் கிடந்த காலத்தில் அவர் ஒட்டியது. "அளந்து தாற சாமான், வெயிலுக்கு மணந்து மணந்து காத்துல போகுது" என்று புறுபுறுத்துக்கொண்டு என் கத்தரிக்கோலால் வெட்டினார். மூடியில் காற்று உள்ளே போகிற துளை இருப்பதும், அதை அடைத்தால் டேங்க் பெற்றோலை விடாது என்பதும் அவருக்குத் தெரியும். ஊருக்குள் ஓடுகிற ஓட்டத்துக்கு அது காட்டாது. அவர் ஓட்டித் தூரம் போனால் இடையில் நிறுத்தி, கால் விறைக்குது என்று இறங்கிப் பின்பக்கம் ஒரு சுற்றுப் போய் வருவார். அவர் எதற்குப் போகிறார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. என் அல்லாஹ்வே, அவருக்கு எல்லாம் விளங்கியிருந்தது.

ரப்பரைப் பிய்த்துக்கொண்டு அப்படியே வீட்டுக்குத் திரும்பினேன். மருந்துகூட எடுக்கவில்லை. அவர் இடது கையில் அதை வைத்து, "இஞ்ச பாருங்க, இதத்தானே சொன்னீங்க? எனக்குத்தான் வெளங்கல்ல" என்றேன். ரப்பரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த கிழமை அவரை ஏற்றிக்கொண்டு போனேன். கார் பாலத்தை ஓர் இழுப்புமில்லாமல் கடந்தது. நடந்ததைச் சொன்னதும் அந்தப் பிள்ளையின் கண் கலங்கிவிட்டது. படங்களை மறுபடி வைத்தாள், நெடுநேரம் காத்திருந்தாள். அவர் கை மடியை விட்டு எழும்பவில்லை.

திரும்பி வரும்போது கல்லாற்றுப் பாலத்தின் நடுவில் நானே எஞ்சினை நிறுத்தினேன். பின் சீட்டில் தண்ணீர்ப் போத்தல் கிடந்தது. ஒரு தரம், ஒரேயொரு தரம் அந்தக் கையைத் திருப்புங்கள் என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடித்தான். கை மடியிலேயே கிடந்தது.