மரப்பு ஊசியும் என் வயிற்றெரிச்சலும்

அறுபதுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம். சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் மூலத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டேன். நான் திருச்செங்கோட்டுப் பக்கம், லாரி டிரைவர். எஞ்சின் சூட்டில் உட்கார்ந்து உட்கார்ந்தே வாங்கிய வியாதி. ஊரில் கேட்டவர்களிடமெல்லாம் இடுப்பு வலி என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் சேலம் டவுன் தையல்காரர் ஒருவர். அவருக்கும் அதே ஆபரேஷன், அதே காலையில், அதே டாக்டர். உச்சிவேளையில், ஆபரேஷனுக்காக முதுகில் போட்ட ஊசியின் மரப்பு எனக்கு விட்டுப்போனது. அப்புறம் நான் பட்ட பாடு! மிளகாய்ப்பொடியை வைத்துத் தைத்துவிட்டார்களோ என்றிருந்தது. இருமினால்கூட உயிர் போனது.

தையல்காரரோ தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்தார். உப்பு கம்மி என்று குறை வேறு! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் சிரித்தாலும் எரிந்தது, கொட்டாவி விட்டாலும் எரிந்தது. கொஞ்ச நேரத்தில் குறட்டை. என் வலியைவிட அந்தக் குறட்டையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இந்த ஆளுக்கும் வலிக்கட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன்.

அவர் கழுத்தில் ஜெபமாலை. நர்ஸம்மா கழுத்திலும் சிலுவை. விஷயம் இதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். சாயங்காலம் அந்தம்மா வந்ததும் வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

"ஏனுங்க, உங்க கோயில் ஆளுக்குன்னா நல்ல மருந்து, எங்களுக்குன்னா வெறும் தண்ணியுங்களா?"

அவர் கோபப்படவில்லை. "டாக்டர் ஊசியோட மொதல்ல உங்க கட்டிலுக்குத்தாங்க வந்தாரு. வலியே இல்லீங்க, வேண்டாமுங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னேன்தான். ஆபரேஷன் செய்த இடத்தைச் சுற்றியுள்ள நரம்பில் போடுகிற ஊசி அது. முதல் மரப்பு விடுவதற்குள் போட்டால் சாயங்காலம்வரை வலி தெரியாது என்று டாக்டர் விளக்க ஆரம்பித்ததை நான் காதில் வாங்கவேயில்லை. திரும்பிப் படுக்கச் சொல்கிறாரே, ஒரு பெண்பிள்ளை முன்னால் வேட்டியை விலக்குவதா என்ற ஒரே கூச்சம்தான்.

நர்ஸம்மா ஓடிப்போய் டாக்டரை அழைத்து வந்தார். டாக்டர் வெளியூர் கிளம்பிக்கொண்டிருந்தார், விட்டால் மறுநாள்தான். அப்போதும் என் கை வேட்டியை இறுகப் பிடித்திருந்தது.

என் கத்தலில் விழித்திருந்த தையல்காரர், மெல்லக் கட்டிலைவிட்டு இறங்கி வந்தார். தன் போர்வையை இரண்டு கையாலும் விரித்து, நர்ஸம்மாவுக்கும் எனக்கும் நடுவில் பிடித்துக்கொண்டார்.

"போட்டுக்குங்க அண்ணே. நானும் வெக்கப்பட்டுக் கண்ண மூடிக்கிட்டுத்தான் படுத்தேன்."

திரும்பிப் படுத்தேன். ஊசி இறங்கியது. கால் மணி நேரத்தில் வலி அடங்கிப்போனது.

போர்வையை மடிக்கும்போது அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். அவருக்கு மரப்பு விட ஆரம்பித்திருந்தது. மறுபடி ஊசி போட இன்னும் நேரமாகவில்லை என்று மாத்திரைதான் கொடுத்தார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு குப்புறப் படுத்துக் கிடந்தார். நான் வேண்டியது அப்படியே பலித்திருந்தது. என்னால் அந்தப் பக்கம் திரும்பவே முடியவில்லை.

இன்றும் யாராவது நிம்மதியாக இருப்பதைப் பார்த்து வயிறு எரியும்போது, அந்த நிம்மதி என்னிடமும் வந்து நான்தான் வேண்டாமென்று அனுப்பினேனா என்று யோசிப்பேன். பெரும்பாலும் ஆமாம் என்றுதான் பதில் வருகிறது.