துப்பாக்கிக்கு ஒரு முக்காலி

அத்தைக்கு மசக்கை. அம்மாவின் தம்பியான என் மாமாவைக் கல்யாணம் செய்துகொண்டு எங்கள் பக்கத்து வீட்டுக்கு வந்து ஐந்து மாதம்கூட ஆகியிருக்காது. சோறு இறங்கவில்லை, மீன் வாசனை கொஞ்சமும் ஆகவில்லை. கோட்டைக்குப்பத்தில் மீன் வாசனை ஆகாதவள் எங்கே போய் மூச்சு விடுவாள்? மூன்று நாள் கஞ்சித் தண்ணீரோடு கிடந்தவள், நான்காம் நாள் வாய் திறந்து ஒன்று கேட்டாள். வாத்துக்கறி. அதுவும் ஏரியில் வந்து இறங்கும் காட்டு வாத்து.

வேறு என்ன கேட்டிருந்தாலும் மாமா சென்னை வரை ஓடி வாங்கி வந்திருப்பார். ஆனால் எங்கள் ஏரி பறவைகளின் சரணாலயம். வாத்தைத் தொட்டால் கேஸ். எங்கள் ஊரில் யாரும் பறவை மேல் கை வைக்க மாட்டார்கள், அதற்கு நான் பொறுப்பு என்று ஊர் சார்பில் வனத்துறையிடம் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவர் என் நைனா. அதெல்லாம் மாமாவுக்கும் நன்றாகத் தெரியும். பெண்டாட்டி பட்டினி கிடக்கிறாள் என்ற கவலையில் மனுஷனுக்குக் கண் மண் தெரியவில்லை.

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு ஏர்கன் இருந்தது. காயப்போட்ட கருவாட்டிலிருந்து காக்காய் ஓட்டுவதற்காக நைனா வாங்கியது. சத்தத்துக்கே காக்காய் பறந்துவிடும். குண்டு பட்டு எதுவும் விழுந்ததாகச் சரித்திரம் இல்லை. நைனா கடலுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், மாமா அதைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். பார்த்தது நான் ஒருத்திதான். அப்போது நான் ஆறாம் வகுப்பு. என் வாயை அடைக்க வேண்டுமானால் என்னையும் கூட்டுச் சேர்த்துக்கொள்வதைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லை.

அவருடைய கஷ்டம் இதுதான். முழங்கால் தண்ணீரில் அசையாமல் நின்று, வாத்து கிட்டே வரும்வரை துப்பாக்கியைத் தோளில் வைத்துப் பிடித்திருக்க வேண்டும். பத்து நிமிடத்தில் கை ஆட ஆரம்பித்துவிடும். படகிலிருந்து சுடலாம் என்றால் படகே ஆடும். அதனால் மூன்று சவுக்குக் கழிகளை எடுத்து, நுனியில் நைலான் கயிற்றால் சேர்த்துக் கட்டி, கால்களை அகட்டி ஒரு முக்காலி செய்தார். கரையோரம் நட்டுப் பார்த்தோம். துப்பாக்கியை வைத்ததும் ஒரு கால் சேற்றுக்குள் இறங்க, குழல் வானத்தைப் பார்த்தது.

யோசனை சொன்னது நான். ஒவ்வொரு காலின் அடியிலும் செருப்புத் துண்டு மாட்டினால் சேற்றில் இறங்காது. வாசலில் கிடந்த நைனாவின் செருப்பில் ஒன்றை இரண்டாக வெட்டினேன், மற்றதை முழுசாக ஓட்டை போட்டுச் செருகினேன். அது அவ்வளவு பழைய செருப்பு இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. மேலே குழல் வழுக்காமல் இருக்கச் சைக்கிள் ட்யூபை மெத்தை போலச் சுற்றினேன். மாமாவின் தோளுக்கு அளவு பார்த்து உயரத்தைக் குறைத்ததும் நான்தான்.

“இன்னா மூளைடி ஒனக்கு!” என்றார் மாமா. என் கணக்கு டீச்சர் ஒருநாளும் சொல்லாத வார்த்தை. அன்றைக்கு எனக்குக் கால் தரையில் படவில்லை.

மறுநாள் காலை படகில் போய், வாத்துகள் மேய இறங்கும் இடத்தில் முக்காலியை நட்டோம். உடனே சுடப்போகிறார் என்று பார்த்தால் மாமா படகைத் திருப்பினார்.

“புச்சா ஒண்ணு நின்னா வாத்து கிட்டவே வராது பாப்பா. ரெண்டு நாள் நிக்கட்டும். பழகிக்கும்னு வையி, அப்பால பாரு.”

வாத்தைப் பற்றி இவ்வளவு யோசித்தவர் ஊரைப் பற்றி யோசிக்கவில்லை. எங்கள் ஏரியில் இறால் நன்றாகக் கிடைக்கும் இடங்களில் யார் எந்த நாள் வலை கட்டுவது என்று முறை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். கல்யாணமான ஆணுக்குத்தான் பாடு கிடைக்கும். கிடைத்த பிறகுதான் ஊர் அவனை ஒரு ஆளாக மதிக்கும். அடுத்தவன் பாடு நடக்கும் இடத்தில் ஒரு கழி நட்டாலும் அது திருட்டு. மாமாவின் முதல் பாடு அடுத்த வாரம் வரவிருந்தது. அதற்காகப் புது வலை தயார் செய்து, தினமும் ஒருமுறை பிரித்துப் பார்த்து மடித்து வைப்பார். அப்படிப்பட்டவர் வாத்து ஞாபகத்தில், இன்னொருவர் பாட்டின் நட்டநடுவில் ஒன்றுக்கு மூன்றாகக் கழி நட்டுவிட்டு வந்திருந்தார்.

அந்தப் பாடு யாருடையதோ அவர் மறுநாளே முக்காலியைப் பிடுங்கிக்கொண்டு வந்து அம்மன் கோயில் எதிரே போட்டார். மாமா படகில் திரும்பியதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். ஊர் கூடியது. தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்த ஐந்து பேரில் நைனாவும் ஒருவர். நடுவில் என் முக்காலி மல்லாந்து கிடந்தது, ஒரு காலில் நீல வார் போட்ட முழுச் செருப்போடு. நைனா அந்தச் செருப்பைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். பிறகு கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தார்.

“எதுக்குடா நட்ட? வலை கட்டவா, வேற எதுக்குனா?” என்று ஊர்ப் பெரியவர் கேட்டார்.

மாமா நைனாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “வலை கட்டத்தான். தப்புதான், மன்னிச்சிருங்க.”

வலைக் கழியாம்! மெத்தை வைத்த வலைக் கழியை யாராவது பார்த்ததுண்டா? நான் பார்த்துப் பார்த்துச் செய்ததை இப்படியா கேவலப்படுத்துவது? உண்மையைச் சொன்னால் மாமாவின் பாடும் தப்பிக்குமே என்று முன்னால் போய், “நைனா, அது...” என்று ஆரம்பித்தேன்.

“பெரியவங்க பேசற எடத்துல இன்னா பேச்சு? வூட்டுக்குப் போ!”

நைனா என்னை அப்படி அதட்டியதே இல்லை. வாத்து என்று ஒரு வார்த்தை வெளியே வந்திருந்தால் முதலில் தலைகுனிய வேண்டியவர் அவர்தான் என்பது எனக்கு எட்டவில்லை. அழுதுகொண்டே ஓடினேன். மாமாவுக்கு முதல் பாடு கிடையாது என்ற தீர்ப்பையும் அவரே சொன்னார் என்று அம்மா வந்து சொன்னாள். தம்பிக்காக அவளும் அழுதாள். சாயங்காலம் பரணில் எட்டிப் பார்த்தேன். யார் கொண்டுவந்து வைத்தார்களோ, ஏர்கன் பழைய இடத்திலேயே இருந்தது. வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

மாமாவோடு நான் பேச்சை விட்டேன். நைனாவோடும்தான். ஆனால் அடுத்த வாரம் நைனாவின் பாடு வந்த அன்று காலையில், அவரால் பாயைவிட்டு எழுந்திருக்க முடியவில்லை. இடுப்பு வலி. உடம்புக்கு முடியாதவர் தன் பாட்டுக்குச் சொந்தத்தில் ஒருவரை அனுப்பலாம் என்பது ஊர் வழக்கம்.

“ஒன் தம்பியப் போவச் சொல்லு. புது வலைய சும்மாதான வெச்சினுகீறான்,” என்றார் அம்மாவிடம்.

மாமா போனார். கூடை வழிய வழிய இறாலோடு வந்தார். மீன் வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டிருந்த அத்தை, வறுத்த இறாலோடு இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாளாம். அதைப் போய்ப் பார்க்க எனக்கு நேரமில்லை. கோபத்தையெல்லாம் மறந்து, நான் நைனாவுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். எங்கே வலிக்கிறது என்று கேட்டால், ஒருமுறை இடது பக்கம் காட்டினார், ஒருமுறை வலது பக்கம், ஒருமுறை தோள். இப்படி இடம் மாறி ஓடுகிற வலி என்ன பொல்லாத நோயோ என்று பயந்து, அன்று பள்ளிக்கூடமும் போகாமல் அவர் பக்கத்திலேயே அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தேன்.