ஊசிவால், ஐந்து கட்டு

போன வாரம் ஒரகடம் கூட்டுரோட்டில் கம்பெனி பஸ் அரை மணி நேரம் நகரவில்லை. ஜன்னல் ஓரம் இருந்தேன். கன்டெய்னர் லாரிகளுக்கு மேலே, வடக்குப் பார்த்து ஒரு வாத்துக் கூட்டம் போனது. மாசி மாதம் அல்லவா, அவை ஊர் திரும்புகிற நேரம். என் விரல் தானாகத் தொடையில் கோடு போட ஆரம்பித்துவிட்டது. பக்கத்து சீட்டுக்காரர் என்ன நினைத்தாரோ, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

அது பழைய வியாதி. இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ, இதே சாலையில் இரும்புத் தகடு அடிக்கிற ஒரு பிரஸ் ஷாப்பில் டிரெய்னி இன்ஸ்பெக்டராக இருந்தேன். வேலை இவ்வளவுதான்: வருகிற தகட்டைப் பார்ப்பது, தாளில் கோடு போடுவது. நான்கு நேர்க்கோடு, ஐந்தாவது குறுக்கே. அது ஒரு கட்டு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படி மிதித்த முதல் ஆள் நான். மார்ச்சில் எனக்கு நிரந்தர வேலைக் கடிதம் வரும் என்று ராமநாதபுரத்தில் அப்பா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். வந்தால் அதைப் படித்துக் காட்டவும் நான்தான் போகவேண்டும், அது வேறு விஷயம்.

பிரஸ் மெஷினில் நின்றவன் ஏழுமலை. என் வயதுதான். பக்கத்து வடக்குப்பட்டுக்காரன், கான்ட்ராக்ட் ஆள். முதல் ஷிப்ட் முடிந்ததும் என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு அப்பால் இருந்த ஏரிக்குப் போவான். தண்ணீர் பின்வாங்கிய சேற்றில் வெயில் பட்டு ஒரு புளித்த வாடை எழும். அது ஏறினால்தான் மெஷின் எண்ணெய் வாடை மூக்கை விட்டு இறங்கும். அவனிடம் பழைய பைனாகுலர் ஒன்று; ஒரு பக்கம் பூஞ்சை பிடித்தது.

“இன்னாபா ராம்நாடு, உங்கூர்ல தண்ணியே கெடயாது. வாத்த எங்க பாத்துகீற நீ?”

“தண்ணி இல்லாட்டி என்ன, கண்ணு இருக்குல்ல. குடுய்யா இங்கிட்டு.”

தரமாட்டான். அவன் பார்த்துச் சொல்வான், நான் எழுதுவேன். கோட்டுக்குப் பத்துப் பறவை. நான்கு கோடு ஆனதும் “கட்டு!” என்று கத்துவான். அந்தச் சத்தத்துக்கே பாதி நாமக்கோழி கோரைக்குள் ஓடிவிடும்.

எழுதக் கையில் இருந்தது கம்பெனி இன்ஸ்பெக்‌ஷன் ஷீட்தான். ஒருநாள், கைப்பழக்கம், கட்டங்களையும் ஒழுங்காக நிரப்பிவிட்டேன். பார்ட்: ஊசிவால் வாத்து. ஓகே: ஐந்து கட்டு. ரிஜெக்ட்: ஒன்று, கால் நொண்டி.

“நொண்டினா இன்னா, பறக்குதுல்ல? பாஸ் பண்ணுபா” என்று ஏழுமலை விழுந்து விழுந்து சிரித்தான்.

மறுநாள் காலை அந்தத் தாள் மற்றவற்றோடு ஃபைலுக்குள் போய்விட்டது. ஆடிட் நடக்கிற வாரம். சூப்பர்வைசர் தாளோடு லைனுக்கே வந்தார்.

“ஊசிவால்னு ஒரு பார்ட் நம்மகிட்ட எந்த மெஷின்ல ஓடுது? ஆடிட்டர் கேக்குறார், நீயே வந்து சொல்லு.”

அப்பாவின் தெரு மொத்தமும் கண்முன் வந்து நின்றது. ஏழுமலை மெஷினை நிறுத்திவிட்டு வந்தான்.

“என் பேப்பர் சார். எங்கூர் ஏரில மீன் குத்தகைக்காரரு, எத்தினி வாத்து வந்து மீனத் துன்னுதுனு கேட்டாரு. நாந்தான் எழுதிக் குடுனு இவன ரோதன பண்ணேன்.”

ஊசிவாலுக்கு வேண்டியது பாசியும் விதையும். மீனுக்கு அது அலையாது. எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். சூப்பர்வைசருக்குத் தெரியாது. விளையாட்டாக எழுதியது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். கையிலிருந்த தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் குறை ஒன்றுமில்லை.

மாதக் கடைசியில் ஏழுமலையின் கேட் பாஸைப் புதுப்பிக்கவில்லை; வேலை போயிற்று. மார்ச்சில் என் கடிதம் வந்தது. அந்த வாரமே கேட்டுக்கு வெளியே அவனைப் பார்த்தேன்.

“லெட்டர் வந்துச்சாபா?”

தலையாட்டினேன்.

“அப்ப பாஸு” என்றான். சிரிப்பு அதேதான். சைக்கிளை மிதித்துப் போனான். பின்னால் ஏறச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஏறியிருப்பேனா, தெரியவில்லை. அதன் பிறகு நான் ஏரிப் பக்கம் போகவில்லை.

இப்போது கரைக்குப் போகும் வண்டிப்பாதை ஒரு மதிலுக்குள் போய்விட்டது. பிரஸ் ஷாப் இருந்த இடத்தில் லாரிகள் நிற்கின்றன. ஏழுமலை வீட்டார் நிலத்தைக் கொடுத்துவிட்டு எங்கோ போனதாகக் கேள்வி. நான் தேடிப் போனதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று பஸ்ஸில் நான்கு கோடு வரை வந்துவிட்டேன். ஐந்தாவதற்கு விரல் தூக்கியபடியே காத்திருந்தது. வாத்துகள் கட்டடங்களுக்குப் பின்னால் போய்விட்டன. யாரும் கத்தவில்லை.