போன் மணியமும் கிள்ளான் பெரியப்பாவும்

பிரிக்பீல்ட்ஸ் போன் மணியம் அண்ணன் இறந்துவிட்டார்... காலையில் பழைய நண்பர்கள் குரூப்பில் செய்தி.

யாரும் நம்பவில்லை.

முதலில் வந்த பதில், "யாரு போனாச்சும் இன்னும் அவர்கிட்ட மாட்டியிருக்கா? செக் பண்ணுங்க லா." அடுத்தது, "நேர்ல பாத்தவங்க யாராச்சும் இருக்கீங்களா?"

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தொண்ணூறுகளில், ஹேன்ட்போன் செங்கல் கனத்தில் இருந்த காலத்தில், ஒரு பூக்கடைக்குப் பக்கத்தில் மாடிப்படிக்குக் கீழே அவருடைய ரிப்பேர் கடை. சொன்ன நாளில் போன் திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை.

கேட்டால், "நாளைக்கு ரெடி லா, பாஸ்." மறுநாள் போனால் கடை சாத்தியிருக்கும். பூக்கடை அக்கா கட்டுகிற பூவிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்வார்: "கிள்ளான்ல சாவு தம்பி. அவரு பெரியப்பா."

யாருடைய போன் தாமதமானாலும் கிள்ளானில் ஒருவர் செத்துப்போவார். பெரும்பாலும் அதே பெரியப்பா.

நான் போய் மாட்டிக்கொண்டது சாம்பாரால்.

நண்பனின் கல்யாணத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தேன். செகண்ட்ஹேண்ட் போன் சட்டைப்பையில், ஏரியல் வெளியே தெரிகிற மாதிரி. செல்வி பார்க்கட்டும் என்றுதான். பல மாதம் அவளைச் சுற்றிவந்து, அன்றைக்குத்தான் தைரியம் வந்து, கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டிருந்தேன்.

"வெள்ளிக்கிழம சாயந்தரத்துக்குள்ள போன் பண்ணி சொல்றேன். பண்ணலன்னா மறந்துடுங்க. அதுவரைக்கும் என் முன்னால வந்து நிக்கக் கூடாது" என்றாள். எங்கள் வீட்டு போனை அம்மாதான் எடுப்பார். அதனால் ஹேன்ட்போன் நம்பரைக் கொடுத்தேன். பெருமையாக.

அதே பெருமையோடு குனிந்தேன். போன் வாளிக்குள் போய்விட்டது.

அப்போது என் போனில் சிம்மைக் கழற்றி வேறு போனில் போடும் வசதியெல்லாம் கிடையாது. அந்த போன் செத்தால் அந்த நம்பரும் செத்தது. செல்வியும் போனாள்.

மணியம் அண்ணன் போனை வாங்கி முகர்ந்து பார்த்தார். "முருங்கைக்காயா பாஸ்?"

"கத்திரிக்கா."

"அப்ப காப்பாத்திடலாம்."

எனக்கு நம்பிக்கை இல்லை. உள்ளே இருக்கும் சாமானை மாற்றிவிடுவார் என்று ஊரெல்லாம் பேச்சு. பேட்டரிக்கு அடியில் ஆணியால் ஒரு கீறல் போட்டேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். "நல்லா அழுத்திக் கீறுங்க பாஸ். அப்புறம் தெரியலன்னு சொல்லக்கூடாது."

வெள்ளிக்கிழமை மதியம் போனால்... கடை சாத்தியிருந்தது. "கிள்ளான்ல சாவு தம்பி."

விடவில்லை. விலாசம் வாங்கினேன். ஒருவேளை நிஜமாக இருந்தால்? அந்த அக்காவிடமே மாலையும் வாங்கினேன். அவரும் ஒன்றும் சொல்லாமல் கட்டிக் கொடுத்தார். அந்தச் சாவுகளில் அக்காவுக்கும் பங்கு உண்டோ என்று இன்றுவரை எனக்கு ஒரு சந்தேகம்.

ரயில் பிடித்து, கிள்ளானில் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தால், சாரோங் கட்டிய ஒருவர் வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"மணியம் அண்ணனோட பெரியப்பா..." என்று இழுத்தேன்.

"நான்தான்." மாலையைப் பார்த்தார். தண்ணீர்க் குழாயை மூடினார். "நீ ஹேன்ட்போனா, பேஜரா?"

"ஹேன்ட்போன் அங்கிள்."

"போன மாசம் பேஜர்காரன் ஒருத்தன் மலர்வளையமே தூக்கிட்டு வந்துட்டான். குடு, சாமிக்குப் போடுறேன். உள்ள வா."

உள்ளே சாப்பாட்டு மேசையில் மணியம் அண்ணன், பெரியம்மாவின் ஹேர் டிரையரால் என் போனுக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "பாஸ்! நீங்க எதுக்கு இவ்ளோ தூரம்..."

நான் திட்ட வாயைத் திறந்தேன். போன் அடித்தது.

அண்ணன் பயந்து டிரையரைக் கீழே போட்டுவிட்டார். சத்தியமாக, போன் அடித்ததில் என்னைவிட அவருக்குத்தான் ஆச்சரியம்.

பக்கத்தில் நின்ற பெரியப்பா எடுத்தார். "ஹலோ... யாரு, செல்வியா? இருக்காரும்மா. என் சாவுக்கு வந்திருக்காரு. இரு, குடுக்கறேன்."

வாங்கிக் காதில் வைத்தேன்.

"யாரு அது பேசினது?" என்றாள்.

"செத்தவரு."

சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்து முடித்த பிறகுதான், சரி என்றாள்.

அண்ணன் ரிப்பேர் செய்தாரா, சாம்பார் தானாகக் காய்ந்ததா... தெரியாது. வீட்டுக்கு வந்து பேட்டரியைக் கழற்றிப் பார்த்தேன். கீறல் இருந்தது. ஆனால் நான் போட்டது கோணல். இது நேராக இருந்தது.

எங்கள் கல்யாணத்துக்கு வந்தார். சாம்பார் வாளி பக்கமே வரவில்லை. பரிசாக ஒரு தோல் போன் கவர். பிரித்துப் பார்த்தால் உள்ளே வேறு யாருடைய நேம் கார்டோ இருந்தது.

இன்று செய்தியைக் காட்டியதும் செல்வி, "போய்ப் பாத்துட்டு வாங்க. மாலைய வேற கடையில வாங்குங்க" என்றாள்.

போனேன். அதே கிள்ளான் வீடு. வாசலில் கூடாரம், பிளாஸ்டிக் நாற்காலிகள். அப்போதும் என் மனதில் ஒரு ஓரம், உள்ளே அவர் ஹேர் டிரையரோடு உட்கார்ந்திருப்பார் என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

ஓரத்து நாற்காலியில் பெரியப்பா. ரொம்பச் சுருங்கிப்போயிருந்தார். என்னை உற்றுப் பார்த்தார். கையில் இருந்த மாலையைப் பார்த்தார்.

"ஹேன்ட்போன்தானே நீ?"

"ஆமா அங்கிள்."

"உள்ள கொண்டு போப்பா," என்றார். "இந்த வாட்டி எனக்கில்ல."

போய்ட்டு வாங்க அண்ணே... நாளைக்கு வந்து கேட்கமாட்டேன்.