இருமல் மருந்து மெஷின்

பயம் வந்தால் என் வயிறுதான் முதலில் ராஜினாமா செய்யும், மூளை அப்புறம். அந்த வழக்கம் அசோக் நகரில், அப்பா வேலை பார்த்த பட்டறையில் தொடங்கியது.

கேட்டவர்களுக்குக் கேட்ட மாதிரி மெஷின் செய்து கொடுக்கிற பட்டறை அது. மோட்டார், பெல்ட், ஒயரிங் எல்லாம் அப்பாவின் கை. அந்த வருடம் ஒரு மருந்துக் கம்பெனிக்காக, பாட்டில்களில் இருமல் மருந்து நிரப்பும் மெஷினை எட்டு மாதம் உட்கார்ந்து செய்திருந்தார்.

ஆயுத பூஜையன்று சந்தனக் கிண்ணத்தை என்னிடம் கொடுத்து எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கச் சொன்னார்கள். நான் பாரபட்சம் பார்க்கவில்லை. சுத்தியல், ஸ்பேனர், முதலாளியின் நாற்காலி வரை வைத்தேன். புது மெஷினில், பெல்ட்டுக்குப் பக்கத்தில், கறுப்பாக ஒரு கண்ணாடி மணி தெரிந்தது. மிச்சமிருந்த சந்தனம் முழுக்க அதற்கு, நடுவில் குங்குமம். லட்சணமாக இருந்தது.

பூஜை போட்ட மெஷினை அன்று தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமி, கம்பெனிக்காரர் கையால்தான் முதலில் ஓட வேண்டும் என்றார் முதலாளி. ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுகிறேன் என்று அப்பா கெஞ்சியும் விடவில்லை.

வெள்ளைப் பேன்ட்டில் வந்த கம்பெனிக்காரர் பொத்தானை அழுத்தினார். பாட்டில் இருந்த இடத்திலும் மருந்து கொட்டியது, இல்லாத இடத்திலும் கொட்டியது. நிறுத்துவதற்குள் தரை, பேன்ட் எல்லாம் ஆரஞ்சு நிறம்.

"இன்னாபா இது, முந்தாநேத்து நல்லா ஓடிக்கினு இருந்துச்சே?" என்றார் முதலாளி.

அப்பா ஒவ்வொரு ஒயராக இழுத்துப் பார்த்தார். "பாட்டில் வருதான்னு பாக்குற கண்ணு, பாட்டில் இல்லாதப்பவும் இருக்குன்னுதான் சார் சொல்லுது. பெல்ட்டுப் பக்கத்துல இருக்கே, அது."

எந்தக் கண் என்று எனக்குப் புரிந்துவிட்டது. கக்கூஸுக்குள் ஓடித் தாழ் போட்டுக்கொண்டேன். பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் நேர்ந்தேன். பதில் வராததால் ஆயிரத்தெட்டாக்கினேன்.

வெளியே வந்தபோது அப்பா குனிந்து அந்த மணியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நகத்தில் சந்தனம். என்னைப் பார்த்தார். விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"என் தப்புதான் சார். ஒயரை மாத்திக் குடுத்துட்டேன்."

"எட்டு மாசமா இன்னா நைனா பண்ணிக்கினு இருந்த?"

அதன் பிறகு மெஷின் சமர்த்தாக ஓடியது. பார்க்கத்தான் கம்பெனிக்காரர் இல்லை. ஆர்டரும் அவரோடு போயிருந்தது.

வீட்டில் அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நாற்பது தாண்டியும் சொல்லவில்லை. இப்போது சொல்ல அவர் இல்லை. அன்றைக்கு, பிழைத்தேன் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரத்திலிருந்து, நான் தூங்கிய பிறகே வீடு திரும்புகிற அப்பா, நான் பள்ளியிலிருந்து வரும்போதே வீட்டில் உட்கார்ந்திருந்தார். சட்டை கிரீஸ் படாமல் மடிப்புக் கலையாமல் இருந்தது. அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. நான் பையைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடி, பையன்களிடம் பீற்றிக்கொண்டேன்: "எங்க அப்பாவுக்கு டெய்லி லீவு."