பார்க்காத அருவி

மலைப் பூங்காவின் நுழைவாயிலில், தகவல் மேசைக்குப் பின்னால் பன்னிரண்டு வருடமாக உட்கார்ந்திருந்தாள் அவள். வரைபடத்தை விரித்து, பென்சில் முனையால் தொட்டுத் தொட்டு அவள் சொல்வதைக் கேட்கவே ஒரு கூட்டம் நிற்கும். பாறை முனைக்குப் போனால் மேகம் காலுக்குக் கீழே கிடக்கும். ஏரிக்கரைக்கு விடிந்ததும் போனால் மான் தண்ணீர் குடிக்க வரும். அருவி இருக்கிறதே, பத்தடி தள்ளி நின்றாலே முகம் நனைந்துவிடும்! காவலர்கள் அவளுக்கு ‘அருவியக்கா’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்த அருவியை அவள் பார்த்ததே இல்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இடுப்பில் கைக்குழந்தை. அப்புறம் போகலாம், அப்புறம் போகலாம் என்று வருடங்கள் ஓடின. அதற்குமேல், போனதில்லை என்று எந்த முகத்தோடு சொல்வது? துண்டுப் பிரசுரத்தில் படித்ததோடு போய் வந்தவர்கள் சொன்னதையும் சேர்த்து ஒப்பேற்றினாள். வழி எப்படி என்று மட்டும் யாரிடமும் கேட்டதில்லை.

ஒரு நாள் காலை ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் கைத்தடியோடு வந்தார். கூடவே அவர் மனைவி.

“முட்டி ஆபரேஷன் ஆகி ஆறு மாசம்தான் ஆகுது. அருவி வரைக்கும் இவரால நடக்க முடியுமாம்மா?”

“தாராளமா போலாம்மா. பூரா சமதரைதான். பேசிக்கிட்டே போயிடலாம்.”

“கேட்டியா?” என்று வாத்தியார் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். “தெரிஞ்சவங்க சொல்றாங்க.”

மூன்று மணிக்கு அவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கி வந்தார்கள். பாசி பிடித்த படிகளில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்திருந்தது. அருவி வரை போகவே இல்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை அவளைத்தான் அவர் சமாதானப்படுத்தினார்.

“விடுங்கம்மா, உங்க தப்பா என்ன? படி புதுசா கட்டியிருப்பாங்க. நீங்க கடைசியா எப்ப போனீங்க?”

“போன மாசம் சார்.”

வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஸ்ட்ரெச்சரைப் பிடித்திருந்த காவலர் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். ஆம்புலன்ஸ் போனபின், “அந்தப் படி நான் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே இருக்குக்கா” என்றார். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. வீட்டில் கணவன் கேட்டதற்குத் தலைவலி என்றாள். சாப்பிடாமலே படுத்துவிட்டாள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு மலை ஏறினாள். நூற்று நாற்பத்து மூன்று படிகள். பாதிக்குமேல் கைப்பிடிக் கம்பியே இல்லை. உச்சியில், கருத்த பாறையில் இரண்டு இழையாக வழிந்துகொண்டிருந்தது தண்ணீர். பத்தடியில் நின்றாள். முகம் நனையவில்லை. அழகாகத்தான் இருந்தது, ஆனால் அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

இறங்கியதும் படிக்கணக்கையும் கம்பி இல்லாததையும் அறிவிப்புப் பலகையில் பெரிதாக எழுதினாள். வருகைப் பதிவேட்டில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தாள். வாத்தியாரின் மனைவி எடுத்தார்.

“அம்மா, நேத்து நான் பொய் சொல்லிட்டேன். அருவிக்கு நான் போனதே இல்ல. இன்னிக்குத்தான் முதல் தடவை போனேன். என்னை மன்னிச்சிருங்க.”

“அவர் தூங்குறார்” என்றார் அந்த அம்மா. “அவர்கிட்ட இதைச் சொல்லிடாதீங்க. அந்தப் பொண்ணை யாரும் திட்டிடக் கூடாதுன்னு பூங்கா ஆபீசுக்கு ஒரு லெட்டர் எழுதச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். காலையிலேயே போஸ்ட் பண்ணிட்டேன்.”

நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். போனை வைத்தவள், கடிதம் வரும்வரை காத்திருக்காமல், மேலதிகாரியின் அறைக் கதவைத் தட்டினாள்.